அவசரகால அரசு நிதிக்கு விண்ணப்பிப்பது எப்படி: பிரித்தானியாவில் இயங்கும் சிறிய தமிழ் அமைப்புகளுக்கு

கோவிட் பெருந்தொற்றின்போது, 2020 ஏப்ரல் 8ஆம் திகதி, அப்போதைய நிதியமைச்சர் ரிஷி சுனக் தொண்டு அமைப்புகளுக்கென 750 மில்லியன் பவுண்டை அறிவித்தார். அதில் 200 மில்லியன், இங்கிலாந்திலுள்ள சிறிய, நடுத்தர அமைப்புகளுக்காக நேஷனல் லாட்டரி கம்யூனிட்டி ஃபண்ட் (லாட்டரிப் பணத்தைச் சமூக வேலைகளுக்குப் பகிரும் அமைப்பு) வழியாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. விண்ணப்பம் மே 22 அன்று திறந்து ஆகஸ்ட் 17 அன்று மூடப்பட்டது. மூன்று மாதம்கூட இல்லை. யாப்பின் (அமைப்பின் விதிகளை எழுதிய ஆவணத்தின்) கையொப்பமிட்ட பிரதியைத் தேடவும், வங்கியில் பழைய பொருளாளரின் பெயரை நீக்கவும், இரண்டு வருடக் கணக்கை ஒரே மூச்சில் எழுதவும் அந்தக் காலம் போதாது.

அந்த நிதிகள் இப்போது இல்லை. அடுத்த நெருக்கடியில் வேறு பெயரில், வேறு தொகையோடு வரும். ஆனால் நிதி வழங்குபவர்கள் கேட்கும் ஆவணங்களும் விண்ணப்பத்தை நிராகரிக்கும் காரணங்களும் பெரிதாக மாறுவதில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, முதியோர் சங்கம், பழைய மாணவர் சங்கம், ஆலயம், உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் குழு என்று எதை நடத்தினாலும், கீழே உள்ளதை வரிசையாகச் செய்துவையுங்கள். முதல் ஐந்து படிகளுக்கும் நிதி அறிவிக்கப்படும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

1. யாப்பை எடுத்து 'நோக்கங்கள்' பகுதியை வாசியுங்கள்

எமது அமைப்புகள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். பல சங்கங்களின் யாப்பில் நோக்கம் என்று எழுதியிருப்பது தாயகத்திலுள்ள ஒரு பாடசாலைக்கோ ஊருக்கோ உதவுவது. பிரித்தானிய அரசின் அவசரகால நிதி இந்நாட்டில் வசிப்பவர்களுக்கான வேலைக்கு மட்டுமே. யாழ்ப்பாணத்துப் பாடசாலைக்கு உதவவென்று பதிவுசெய்த ஒரு சங்கம், ஹரோவில் தனித்திருக்கும் முதியவருக்கு உணவு கொடுக்க விரும்பினால், அந்த வேலை அதன் நோக்கத்துக்கு வெளியே போகிறது. நிதி வழங்குபவர் மறுப்பார் என்பது ஒரு பக்கம். நோக்கத்துக்கு வெளியே தொண்டு நிதியைச் செலவழிப்பது அறங்காவலர்களின் கடமை மீறலாகவும் ஆகலாம் என்பது அதைவிடப் பெரிய சிக்கல்.

சரிசெய்ய வழி உண்டு. பொதுச்சபைக் கூட்டம் கூட்டி, "இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாழ்வோரின் வறுமை, முதுமை, உடல்நலக் குறைவு ஆகியவற்றால் வரும் இடரைக் குறைத்தல்" போன்ற ஒரு நோக்கத்தைச் சேர்க்கலாம். பதிவுசெய்த சாரிட்டி (தொண்டு அமைப்பு) என்றால் நோக்கத்தை மாற்ற, தொண்டு அமைப்புகளைப் பதிந்து கண்காணிக்கும் சாரிட்டி கமிஷனின் ஒப்புதல் வேண்டும். உறுப்பினர்களுக்கு முன்னறிவித்தல் கொடுக்கும் காலம், கூட்டம், கமிஷனின் பதில் எல்லாம் சேர்ந்தால் மாதங்கள் ஓடிவிடும். நெருக்கடி வந்தபின் இதைத் தொடங்கினால் முடியாது.

யாப்பில் இன்னும் மூன்றைப் பாருங்கள். அமைப்பின் முழுப்பெயர் முதல் பக்கத்தில் உள்ளதா? அமைப்பு கலைக்கப்பட்டால் மிஞ்சும் சொத்து இன்னொரு தொண்டு அமைப்புக்குப் போகும் என்ற பிரிவு உள்ளதா? (உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்று இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.) கடைசிப் பக்கத்தில் கையொப்பமும் திகதியும் உள்ளனவா? கையொப்பம் இல்லாத வேர்ட் கோப்பை யாப்பு என்று ஏற்கமாட்டார்கள். யாப்பு தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கிலத்தில் ஒன்று எழுதி, கூட்டத்தில் நிறைவேற்றி, கையொப்பமிட்டு வையுங்கள்.

ஆலயங்களுக்குத் தனியாக ஒரு சொல். மதத்தைப் பரப்பும் வேலைக்கோ வழிபாட்டுக்கோ இந்த நிதி கிடைக்காது. சமூகப் பணிக்குக் கிடைக்கும். அன்னதானம் என்று எழுதினால் வாசிப்பவருக்கு அது வழிபாட்டின் ஒரு பகுதியாகத் தெரியும். எவர் வந்தாலும், எம்மதத்தவரானாலும் உணவு கிடைக்கும் என்பதையும், உணவு வாங்குபவர் எந்தச் சடங்கிலும் கலந்துகொள்ளத் தேவையில்லை என்பதையும் வெளிப்படையாக எழுதுங்கள். எழுதுவதுபோலவே நடத்தவும் வேண்டும்.

2. எல்லா இடத்திலும் ஒரே பெயர்

யாப்பில் ஒரு பெயர், வங்கியில் சுருக்கப் பெயர், சாரிட்டி கமிஷன் பதிவேட்டில் பழைய பெயர், இணையத்தில் இன்னொன்று. பார்க்கும் அதிகாரிக்கு இவை நான்கு அமைப்புகள். யாப்பிலுள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். "யூகே" என்ற சொல் ஓரிடத்தில் அடைப்புக்குறிக்குள்ளும் இன்னோரிடத்தில் அடைப்புக்குறி இல்லாமலும் இருப்பதுகூட ஒரு கேள்வி மின்னஞ்சலைக் கொண்டுவரும். அவசரகால நிதியில் ஒரு கேள்வி மின்னஞ்சல் என்பது ஒரு வாரத் தாமதம்.

ஆட்களின் பெயருக்கும் இதே கவனம் தேவை. விண்ணப்பத்தில் பொறுப்பேற்பவர்களின் பெயர், பிறந்த திகதி, வீட்டு முகவரி கேட்கப்படும். அவற்றை அடையாளச் சோதனை நிறுவனத்தின் தரவோடு ஒப்பிடுவார்கள். எங்களுடைய பெயர்களில் தந்தை பெயர் முன்னால் வரும், சிலருக்குப் பின்னால் வரும், சிலர் முதலெழுத்தை மட்டும் போடுவார்கள், "சிவா" என்று அழைக்கப்படுபவரின் கடவுச்சீட்டில் சிவசுப்பிரமணியம் என்று இருக்கும். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே விண்ணப்பத்திலும், பதிவேட்டிலும், வங்கியிலும் இருக்கட்டும். கடந்த சில ஆண்டுகளுக்குள் வீடு மாறியிருந்தால் பழைய முகவரியையும் கையில் வைத்திருங்கள்.

3. நிர்வாகக் குழுவில் உறவில்லாத இருவர்

கணவர் தலைவர், மனைவி பொருளாளர், மைத்துனர் செயலாளர். சிறிய சங்கங்கள் பல இப்படித்தான் தொடங்குகின்றன, நல்ல நோக்கத்தோடுதான். ஆனால் குழுவில் ஒருவருக்கொருவர் உறவில்லாத இருவராவது இருக்கவேண்டும் என்பது நேஷனல் லாட்டரி கம்யூனிட்டி ஃபண்ட் போன்றவர்களின் அடிப்படை விதி. உறவு என்பது இரத்த உறவு மட்டுமல்ல. திருமணம், நீண்டகாலத் துணை, ஒரே முகவரியில் வசிப்பது எல்லாமே அடங்கும். வாடகைக்கு ஒரே வீட்டில் இருக்கும் இரு நண்பர்களும் இந்த விதியில் உறவினர்தான்.

விண்ணப்பத்துக்கு இரண்டு தொடர்பாளர்கள் தேவை: அன்றாடக் கேள்விக்குப் பதில் சொல்பவர் ஒருவர், சட்டப்பொறுப்பு ஏற்பவர் ஒருவர். இருவரும் உறவில்லாதவர்களாக, வேறுவேறு முகவரியில் வசிப்பவர்களாக, வேறுவேறு மின்னஞ்சல் உடையவர்களாக இருக்கட்டும். சட்டப்பொறுப்பை ஏற்பவர் குழுவில் பதவி வகிக்கவேண்டும். கணினி தெரியும் என்பதற்காகக் குழுவில் இல்லாத ஓர் இளைஞரின் பெயரை அந்த இடத்தில் போடாதீர்கள்.

4. வங்கிக் கணக்கு

தனிநபர் கணக்குக்கு எந்த அரசு நிதியும் வராது. பொருளாளரின் பெயரில் தனிக் கணக்கு ஒன்று வைத்து அதில் சங்கப் பணத்தைப் போட்டுவந்தால், இன்றே நிறுத்துங்கள். தேவைப்படுவது: அமைப்பின் முழுப்பெயரில் ஒரு கணக்கு, உறவில்லாத இருவரின் ஒப்புதல் இல்லாமல் பணம் வெளியே போகாத ஏற்பாடு, கடந்த மூன்று மாதத்துக்குள் வந்த ஒரு வங்கிக் கூற்று. அந்தக் கூற்றில் அமைப்பின் பெயர், முகவரி, கணக்கு எண், வரிசைக் குறியீடு (சோர்ட் கோட்), திகதி எல்லாம் ஒரே பக்கத்தில் தெரியவேண்டும். கைத்தொலைபேசிச் செயலியின் திரைப்பிடிப்பு போதாது.

காசோலைக்கு இரு கையொப்பம் வாங்கிவிட்டு, இணைய வங்கியில் ஒருவரே எல்லாவற்றையும் அனுப்பும்படி விட்டிருப்பது பொதுவான தவறு. இணையப் பரிமாற்றத்துக்கும் இருவர் ஒப்புதல் முறையை வங்கியிடம் கேட்டு இயக்குங்கள். எல்லாச் சமூகக் கணக்குகளிலும் அந்த வசதி இல்லை. இல்லாவிட்டால் வங்கியை மாற்றவேண்டி வரும்.

பெருந்தொற்றுக் காலத்தில் சாரிட்டிகளுக்குப் புதிய கணக்குத் திறப்பதைப் பல வங்கிகள் தாமதித்தன, சில நிறுத்தியே வைத்தன. சாதாரண நாளிலும் ஒரு தொண்டு அமைப்பின் கணக்குத் திறக்கவோ கையொப்பக்காரரை மாற்றவோ வாரக்கணக்கில் ஆகும். ஆகவே பொருளாளர் மாறும் ஆண்டுக் கூட்டத்துக்கு அடுத்த வாரமே வங்கிப் படிவத்தை அனுப்பிவிடுங்கள். ஊரைவிட்டுப் போன ஒருவரின் கையொப்பத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் கணக்கு, பணம் ஒதுக்கப்பட்டபின்னும் உங்களைத் தவிக்கவிடும்.

5. பதிவும் கணக்கறிக்கையும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டு வருமானம் 5,000 பவுண்டுக்கு மேலுள்ள சாரிட்டி, சாரிட்டி கமிஷனில் பதியவேண்டும். அதற்குக் குறைவென்றால் பதியாமலும் யாப்போடு இயங்கலாம், பல நிதிகளுக்கு விண்ணப்பிக்கவும் முடியும். வருமானம் 20,000 என்று கணக்கில் எழுதிவிட்டு, 'பதிவு எண் இல்லை' என்று படிவத்தில் போட்டால் ஏன் என்று கேட்பார்கள். பதிவுக்குக் கமிஷன் கட்டணம் வாங்குவதில்லை.

பதிந்த அமைப்பென்றால், நிதியாண்டு முடிந்து 10 மாதத்துக்குள் ஆண்டு அறிக்கை போகவேண்டும். பிந்தினால் அது பதிவேட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி சிவப்பில் நிற்கும். நிதி வழங்குபவர் முதலில் திறந்து பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். விண்ணப்பத்தில் என்னதான் அழகாக எழுதினாலும் அந்தச் சிவப்பு வரி அதற்கு முன்பே பேசிவிடும்.

கணக்கில் கையிருப்பைப் பிரித்துக் காட்டுங்கள். ஆலயக் கட்டடத்துக்கென்று மக்கள் கொடுத்த பணம் அந்த வேலைக்கே உரியது. மளிகை வாங்க அதைத் தொடமுடியாது. எதற்கும் பயன்படுத்தக்கூடிய பொதுப்பணம் வேறு. இரண்டையும் கலந்து 'வங்கி மீதி 84,000' என்று ஒரே வரியில் காட்டினால், இவர்களிடம் தாராளமாகப் பணம் இருக்கிறதே என்று அதிகாரி கோப்பை மூடிவிடுவார். 'கட்டட நிதி 71,000, பொதுநிதி 13,000, இது நான்கு மாதச் செலவுக்குச் சமம்' என்று எழுதினால் உங்கள் உண்மை நிலை தெரியும். மாறாக, ஒரு வருடச் செலவுக்கு மேல் பொதுநிதி கையிலிருந்தால் நெருக்கடி நிதியை எதிர்பார்க்கவேண்டாம். முதலில் அதைச் செலவழிக்கத்தான் சொல்வார்கள், அது நியாயமும்கூட.

தொடங்கி ஒரு வருடம் ஆகாத அமைப்புகள், அடுத்த 12 மாத வரவு செலவு எதிர்பார்ப்பை ஒரு பக்கத்தில் எழுதிக் குழுவில் நிறைவேற்றி வைக்கலாம்.

இதே கோப்பில் சிறுவர் மற்றும் நலிந்தோர் பாதுகாப்புக் கொள்கை, பொதுப்பொறுப்புக் காப்புறுதிச் சான்று, தனிநபர் தகவல் பாதுகாப்புக் கொள்கை ஆகியவையும் இருக்கட்டும். கொள்கைகளில் கடைசியாகப் பார்வையிட்ட திகதி ஒரு வருடத்துக்குள் இருக்கவேண்டும். வேறொரு அமைப்பின் கொள்கையை நகலெடுத்து அவர்கள் பெயரையும் மாற்ற மறந்து அனுப்புவது நடக்கிறது. ஒருமுறை முழுதாக வாசியுங்கள். தொண்டர்களுக்கான டிபிஎஸ் சோதனைக்கு (குற்றப் பதிவுச் சோதனை) அரசுக் கட்டணம் இல்லை, ஆனால் உங்களுக்காக அதைச் செய்துதரும் நிறுவனம் தன் நிர்வாகக் கட்டணத்தை வாங்கும்.

6. எந்த வாசலைத் தட்டுவது

'அரசு நிதி' என்பது ஓரிடத்தில் இருப்பதில்லை. 2020இல் அது குறைந்தது நான்கு வழிகளில் வந்தது, ஒவ்வொன்றிலும் வேறு சிக்கல்.

தேசிய நிதி. இங்கிலாந்துக்கான 200 மில்லியனில் 10,000 பவுண்ட் வரை ஒரு பிரிவு, அதற்கு மேல் 100,000 வரை இன்னொன்று. இரண்டு நோக்கங்கள்தான்: தொற்றால் பாதிக்கப்பட்ட நலிந்தோருக்கு உதவியைக் கூட்டுவது, அத்தியாவசியமான அமைப்புகள் மூடப்படாமல் காப்பது. பணத்தை ஆறு மாதத்துக்குள் செலவழிக்கவேண்டும். ஸ்கொட்லாந்தில் இருப்பவர்கள் தேர்ட் செக்டர் ரெசிலியன்ஸ் ஃபண்ட் பக்கமும், வேல்ஸில் இருப்பவர்கள் அங்குள்ள தொண்டு அமைப்புகளின் கூட்டமைப்பான டபிள்யூசிவிஏ பக்கமும் போகவேண்டியிருந்தது. வட அயர்லாந்துக்குத் தனி நிதி இருந்தது. உங்கள் அலுவலகம் எங்கே என்பதைவிட, பயனாளிகள் எங்கே என்பதே முக்கியம். லண்டன் அமைப்பு வேல்ஸிலுள்ள கார்டிஃபில் வேலை செய்ய இங்கிலாந்து நிதியைக் கேட்டால் மறுப்புத்தான்.

உள்ளூர் கவுன்சில். சிறிய அமைப்புக்கு இதுவே அருகிலுள்ள வாசல். 2020 கோடையில் உணவுக்கும் அத்தியாவசியப் பொருளுக்குமென 63 மில்லியனும், அந்தக் குளிர்காலத்துக்கு 170 மில்லியனும் கவுன்சில்களுக்குப் போயின. அதில் ஒரு பகுதியை உள்ளூர்க் குழுக்கள் மூலம் செலவழிப்பதா என்பது ஒவ்வொரு கவுன்சிலின் முடிவு. இதற்குப் பெரும்பாலும் பெரிய விளம்பரம் வராது. கவுன்சிலின் தொண்டுத்துறை அலுவலரின் மின்னஞ்சல் பட்டியலில் உள்ளவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அந்தப் பட்டியலில் இன்றே சேருங்கள். உங்கள் பகுதியின் வாலண்டரி சர்விஸ் கவுன்சிலில் (உள்ளூர்த் தொண்டு அமைப்புகளுக்கு உதவும் அமைப்பு) உறுப்பினராவது பெரும்பாலும் இலவசம் அல்லது சிறுதொகை. விண்ணப்ப வரைவை வாசித்துக் குறை சொல்ல அங்கே ஆள் உண்டு.

கட்டட வரி (பிஸ்னஸ் ரேட்ஸ்) வழியான உதவி. சிறுவணிக வரிச்சலுகை பெற்ற இடங்களுக்கு 10,000 பவுண்ட் வந்தது. சொந்த இடமோ நீண்டகாலக் குத்தகையோ உள்ள பல சாரிட்டிகள் தமக்கும் வரும் என்று காத்திருந்தன. ஆனால் சாரிட்டிக்குரிய 80 சதவீத வரிச்சலுகையைப் பெறும் இடம் சிறுவணிகச் சலுகைக்குள் வராது. ஆகவே அந்த 10,000 கிடைக்கவில்லை. பிறகு 2020 மே மாதம் கவுன்சில்களின் விருப்புரிமை நிதி வந்தபோதுதான், அப்படி விடுபட்ட சாரிட்டிகளுக்கு இடம் கிடைத்தது. அதையும் தனியாக விண்ணப்பித்தே பெறவேண்டும். குறுகிய கால எல்லை வேறு. கட்டட வரிக் கடிதத்தில் நீங்கள் எந்தச் சலுகையில் இருக்கிறீர்கள் என்பதை இப்போதே பார்த்துக் குறித்துவையுங்கள். மண்டபத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் தமிழ்ப் பள்ளிகளுக்கு இந்த வழி இல்லை.

ஊதிய உதவி. ஃபர்லோ என்று எல்லோரும் சொன்ன திட்டம், வேலையின்றி வீட்டில் நிறுத்திவைத்த ஊழியரின் ஊதியத்தில் 80 சதவீதத்தை மாதம் 2,500 பவுண்ட் வரை 2020 மார்ச் 1 முதல் ஈடுசெய்யத் தொடங்கியது. 2021 செப்டெம்பர் 30 வரை நடந்தது. சாரிட்டிகளுக்கும் உரியது. இங்கே தொண்டு அமைப்புகள் கவனிக்கத் தவறியது: ஃபர்லோவில் வைத்த ஊழியர் அந்த நேரத்தில் உங்களுக்காக எந்த வேலையும் செய்யக்கூடாது, 'தொண்டராக' என்றாலும் கூடாது. வேறொரு அமைப்புக்குத் தொண்டு செய்யலாம். ஃபர்லோவில் உள்ள ஒருங்கிணைப்பாளர் வீட்டிலிருந்து முதியவர்களுக்குத் தொலைபேசி எடுத்தால், அந்த ஊதியக் கோரிக்கையே தவறாகிவிடும். ஏற்கெனவே அரசுப் பணத்தில் ஊதியம் பெறுபவரையும் ஃபர்லோவில் வைக்கக்கூடாது என்று எதிர்பார்த்தார்கள்.

கடனும் இருந்தது. பவுன்ஸ் பேக் கடன் 2,000 முதல் 50,000 வரை, ஆண்டு வருமானத்தின் 25 சதவீதத்துக்கு மேற்படாமல், முதல் 12 மாத வட்டியை அரசு கட்ட, பிறகு 2.5 சதவீதத்தில் கிடைத்தது. நன்கொடையை நம்பி வாழும் அமைப்பு கடன் எடுப்பதை நான் ஊக்குவிக்கமாட்டேன். திருவிழாவும் கலைவிழாவும் நின்றுபோன வருடத்தில் எதை வைத்துத் திருப்பிக் கட்டுவது என்று எழுத்தில் பதில் இல்லாவிட்டால் தொடவேண்டாம்.

7. தேவையைக் காட்டுங்கள், உங்கள் பெருமையை அல்ல

'1987 முதல் சமூகத்துக்குச் சேவை செய்கிறோம்' என்று அரைப் பக்கம் போவது வீண். அதிகாரிக்கு வேண்டியது: யாருக்கு, எத்தனை பேருக்கு, என்ன ஆபத்து, ஏன் வேறு எவராலும் முடியாது. கடைசிக் கேள்விக்கு உங்களிடம் வலுவான பதில் உண்டு. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத முதியவர், சைவ உணவு மட்டும் உண்பவர், பிள்ளைகள் வேறு நகரத்தில் இருப்பவர், பொது உணவு வங்கிப் பொதியில் வரும் தகரப் பொருளைச் சமைக்கத் தெரியாதவர். இவர்களிடம் தமிழில் பேசி, அரிசியும் பருப்பும் கொண்டுபோகக்கூடியவர்கள் நீங்கள். இதை அப்படியே எழுதுங்கள்.

ஆதாரம் இல்லாமல் அது வெறும் கூற்று. ஒரு எளிய பதிவுத்தாள் போதும்: அழைப்பு வந்த திகதி, அஞ்சல் குறியீட்டின் முதல் பகுதி, என்ன கேட்டார், என்ன செய்தோம். பெயர் வேண்டாம். மூன்று வாரத்தில் 50 வரிகள் சேர்ந்தால், அதிலிருந்து 'கேட்டவர்களில் 31 பேர் 70 வயதைக் கடந்தவர்கள்' என்று எழுத முடியும். அதோடு ஓஎன்எஸ் (தேசியப் புள்ளியியல் அலுவலகம்) இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 2021 குடிசன மதிப்பீட்டில் உங்கள் பகுதியில் முதன்மை மொழி எது, தனியாக வாழும் முதியோர் எத்தனை என்பதை எடுத்துப் போடுங்கள். மருத்துவ நிலையம், பாடசாலை அல்லது கவுன்சில் அலுவலர் ஒருவரின் இரண்டு வரி மின்னஞ்சல் ஆதரவும் சேர்ந்தால் நல்லது.

8. செலவுத்திட்டம்

மதிப்பிடுபவர் அதிக நேரம் செலவழிக்கும் பக்கம் இது. 'உணவு: 6,000, போக்குவரத்து: 1,000, இதர: 2,000' என்று முழு எண்களில் எழுதினால் ஊகம் என்று தெரிந்துவிடும். 'இதர' என்ற சொல்லையே எழுதாதீர்கள். ஒவ்வொரு தொகையும் ஒரு பெருக்கலிலிருந்து வரவேண்டும். 40 குடும்பங்களுக்கு 16 வாரம் வாரப்பொதி கொடுக்கும் திட்டத்துக்கு ஒரு மாதிரி:

உணவுப்பொதி: 40 குடும்பம் × 16 வாரம் × 9 பவுண்ட் = 5,760
ஒருங்கிணைப்பாளர்: வாரம் 10 மணி × 16 × 13 பவுண்ட் = 2,080
அவரது விடுமுறைக் கொடுப்பனவு, 12.07 சதவீதம் = 251
தொண்டர் வாகனச் செலவு: 4 பேர் × வாரம் 15 மைல் × 16 × 45 பென்ஸ் = 432
கையுறை, முகக்கவசம், கிருமிநீக்கி = 300
இரண்டு தொலைபேசி இணைப்பு: 2 × 4 மாதம் × 10 = 80
காப்புறுதி விரிவாக்கம் = 120
மண்டப வாடகையில் நாலில் ஒரு பங்கு: 400 × ¼ × 4 மாதம் = 400
மொத்தம் 9,423 பவுண்ட்.

10,000 எல்லைக்குள் நிற்பதைக் கவனியுங்கள். எல்லை 10,000 என்றால் சரியாக 10,000 கேட்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கூட்டிப் பார்த்தபின் வந்த தொகையைக் கேளுங்கள்.

செலவுகளில் கடைசியாக உள்ள மண்டப வாடகைப் பங்கு பலர் விடுவது. மண்டபம், கணக்காளர், மின்சாரம் போன்ற நிர்வாகச் செலவில் இந்தத் திட்டத்துக்குரிய பங்கைக் கேட்பது தவறல்ல. பங்கை எப்படிக் கணித்தீர்கள் என்று காட்டவேண்டும், அவ்வளவே. விடுமுறைக் கொடுப்பனவு, ஓய்வூதியப் பங்கு, தேசியக் காப்புறுதியில் முதலாளியின் பங்கு ஆகியவற்றை மறந்துவிட்டால் பிறகு பொதுநிதியிலிருந்துதான் கட்டவேண்டி வரும். 45 பென்ஸ் என்பது எச்எம்ஆர்சி (பிரித்தானிய வரித் திணைக்களம்) வரியில்லாமல் அனுமதித்த மைல் கணக்கு. அதற்கு மேல் கொடுத்தால் தொண்டருக்கு அது வருமானமாகும். தொண்டருக்கு 'நாளுக்கு 20 பவுண்ட்' என்று கணக்கில்லாத கைச்செலவு கொடுப்பதும் அப்படித்தான். அவர் ஊழியர் என்று கருதப்படும் நிலைகூட வரலாம்.

கேட்கக்கூடாதவை: ஒப்பந்தம் கையொப்பமாகும் முன் செய்த செலவு, பழைய கடன், நின்றுபோன விழாவின் நட்டம், வேறொரு நிதி ஏற்கெனவே கொடுத்த அதே செலவு. கடைசியானது மிகவும் பாரதூரமானது. ஒரே ஊதியத்துக்கு ஃபர்லோவும் நிதியுதவியும் வாங்குவது இரட்டைப் பெறுகை. இரண்டு நிதியிடம் கேட்டிருந்தால், யாரிடம் எதைக் கேட்டீர்கள் என்று இருவருக்கும் சொல்லுங்கள். மறைத்துத் தெரியவந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

'ஐந்து சதவீதம் தந்தால் எழுதித் தருகிறேன்' என்று வருபவர்களைத் தவிருங்கள். விண்ணப்பம் எழுதிய கூலியை அந்த நிதியிலிருந்து கொடுக்க முடியாது, ஏனென்றால் அது ஒப்பந்தத்துக்கு முந்திய செலவு. விண்ணப்பிக்க எந்த அரசு நிதியும் கட்டணம் வாங்குவதில்லை.

9. எப்போது அனுப்புவது

அறிவிப்பு வந்த முதல் வாரத்திலேயே அனுப்பப் பாருங்கள். அவசரகால நிதிகள் பல, கடைசித் திகதிவரை எல்லாவற்றையும் சேர்த்துவைத்து ஒப்பிடுவதில்லை. வரவர மதிப்பிட்டுக் கொடுக்கிறார்கள், பணம் தீர்ந்தால் முன்கூட்டியே மூடுகிறார்கள். அதற்காக அரைகுறையாக அனுப்பவேண்டாம். 1 முதல் 5 வரையான படிகள் முடிந்திருந்தால், மிச்ச எழுத்து வேலை மூன்று மாலை நேரங்களில் முடியும்: ஒன்று தேவைக்கு, ஒன்று செலவுத்திட்டத்துக்கு, ஒன்று திருத்தத்துக்கு.

இணையப் படிவத்தில் நேரடியாக எழுதாதீர்கள். கேள்விகளை ஒரு கோப்பில் எடுத்து, சொல் எல்லைக்குள் எழுதி, பிறகு ஒட்டுங்கள். அனுப்பியபின் ஒரு பிரதியை இறக்கி வையுங்கள். ஆறு மாதம் கழித்து நீங்கள் என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்பதைப் பார்க்க அதுதான் இருக்கும்.

தொடர்பாளர்கள் இருவரும் தினமும் மின்னஞ்சலை, தேவையற்ற அஞ்சல் பெட்டியையும் சேர்த்து, பார்க்கவேண்டும். திருத்தம் கேட்டு வரும் மின்னஞ்சலுக்குச் சில வேலைநாள்கள்தான் அவகாசம். பதில் இல்லாவிட்டால் விண்ணப்பத்தை மீளப்பெற்றதாக எடுத்துக்கொள்வார்கள். முடிவு வரும்வரை பொதியை வாங்கக் கடையோடு ஒப்பந்தம் செய்யாதீர்கள்.

மறுத்தால் காரணம் கேளுங்கள். தகுதி இல்லை என்பதும், தகுதி உண்டு ஆனால் பணம் போதவில்லை என்பதும் வேறு. இரண்டாவதென்றால் அதே விண்ணப்பத்தை அடுத்த வாரமே கவுன்சிலுக்கோ உங்கள் பகுதிக் கம்யூனிட்டி ஃபவுண்டேஷனுக்கோ (உள்ளூர்க் குழுக்களுக்கு நிதி வழங்கும் அறக்கட்டளை) திருத்தி அனுப்பலாம்.

10. பணம் வந்தபின்

ஒப்பந்தத்தை இருவர் வாசியுங்கள். வந்த தொகையை எந்த வேலைக்கென்று கொடுத்தார்களோ அதற்கு மட்டுமே செலவழிக்கலாம். கணக்கில் தனி நிரலாக அல்லது தனிக் குறியீட்டோடு காட்டுங்கள். தனி வங்கிக் கணக்குத் தேவையில்லை.

பற்றுச்சீட்டு இல்லாத செலவு செலவே அல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தக்கடையில் காசு கொடுத்து வாங்கும் அரிசி, மரக்கறிக்குத்தான் சீட்டு தொலைகிறது. வாங்கும் இடத்திலேயே படம் எடுத்து, திகதியையும் தொகையையும் கோப்புப் பெயராக இட்டு, பகிரப்பட்ட ஒரு கோப்புறையில் போடுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட சீட்டு ஒரு வருடத்தில் வெளிறிவிடும், ஆகவே படம்தான் நிலைக்கும். உங்கள் குழு உறுப்பினரின் கடையிலிருந்து வாங்குவதானால் வேறு இரு கடைகளின் விலையையும் எடுத்து, அந்த உறுப்பினர் வாக்களிக்காமல் விலகியிருந்து முடிவெடுத்ததைக் கூட்டக் குறிப்பில் பதியுங்கள்.

நெருக்கடியின் நிலை மாறினால் திட்டமும் மாறும். 40 குடும்பத்துக்குப் பதிலாக 25தான் வருகிறது, அல்லது பொதிக்குப் பதில் சமைத்த உணவு வேண்டும் என்றால், செலவழிக்கும் முன் மின்னஞ்சலில் அனுமதி கேளுங்கள். பெருந்தொற்றுக் காலத்தில் நிதி வழங்குபவர்கள் இதில் நெகிழ்வாகவே இருந்தார்கள், ஆனால் கேட்டவர்களுக்குத்தான். பணத்தைச் செலவழிக்கும் காலம் முடிய மூன்று வாரம் முன்பே மீதியைக் கணக்கிட்டு, எஞ்சும் என்று தெரிந்தால் கால நீட்டிப்பையும் அப்போதே கேளுங்கள். எஞ்சிய பணத்தைப் பொதுநிதியில் சேர்க்க முடியாது; திருப்பி அனுப்பவேண்டும்.

கணக்கு ஆவணங்களை நிதியாண்டு முடிந்து ஆறு வருடம் வைத்திருக்கவேண்டும். ஒப்பந்தம் அதைவிடக் கூடிய காலம் சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். ஒப்பந்தம், விண்ணப்பப் பிரதி, பற்றுச்சீட்டுகள், வங்கிக் கூற்றுகள், கூட்டக் குறிப்புகள், அனுமதி மின்னஞ்சல்கள் எல்லாம் ஒரே கோப்பில், அமைப்பின் மின்னஞ்சலோடு இணைந்த கோப்புறையில் இருக்கட்டும், பொருளாளரின் சொந்தக் கணினியில் அல்ல. பொருளாளர் மாறும் ஆண்டுக் கூட்டத்தில் அந்தக் கோப்பின் பட்டியலை வாசித்து, கையளித்தவரும் பெற்றவரும் கையொப்பமிட்டு, கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள்.